அட்டவணை தெரிகிறது, திருத்த முடியவில்லை: அக்சஸ் – மரியாடிபி இணைப்பு, தோட்டச் செக்ரோல் கணக்கு

ஏலமலை_கணக்கு
ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் கணக்குப் பார்க்கிறேன். காலையில் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் மேலே வரும் ஆட்களுக்குச் செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) போடுவது, சாயந்தரம் பச்சைக்காய் எடை எழுதுவது, சனிக்கிழமை கூலி கொடுப்பது என் வேலை.

இத்தனை நாளும் எக்ஸெல்தான். போன மாதம் அதை அப்படியே மரியாடிபி என்ற தரவுத்தள சர்வருக்கு ஏற்றினேன். ஸ்டோரில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மரியாடிபி ஓடுகிறது, என் மேசையில் அதைத் திறந்து பார்க்க அக்சஸ், இரண்டையும் இணைக்க நடுவில் ஓடிபிசி டிரைவர். இணைப்பு கிடைத்துவிட்டது. 'எடுப்பு' என்ற அட்டவணையில் உள்ள 4,000 சொச்சம் வரிகளும் தெரிகின்றன. ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. கட்டத்தில் கர்சர் நிற்கிறது. விசையை அழுத்தினால் 'டங்' என்று ஒரு சத்தம், கீழே இந்தத் தொகுப்பைப் புதுப்பிக்க இயலாது என்று ஒரு வரி, அவ்வளவுதான். எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக நுழைந்து பார்த்தேன், அதேதான். அனுமதிக் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன்.

வருகிற சனிக்கிழமைக் கூலியை இதில் போட வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.


தேவாரம்_தெற்குத்தெரு
ஞாயிறு, இரவு 9:22

பழைய எக்ஸெல் கோப்பை வேறு யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா?


ஏலமலை_கணக்கு
ஞாயிறு, இரவு 9:25

இல்லை தம்பி. எக்ஸெலுக்கும் இதற்கும் இப்போது தொடர்பே இல்லை.


புளியரை_மழை
ஞாயிறு, இரவு 9:48

தம்பி, ஒரே ஒரு கேள்வி. அட்டவணையை அக்சஸில் இணைத்தபோது, புலங்களின், அதாவது நெடுவரிசைகளின், பெயர்களை வரிசையாகக் காட்டி, எந்தப் புலம் ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வந்ததா? வந்ததென்றால் என்ன கொடுத்தீர்கள்?


ஏலமலை_கணக்கு
ஞாயிறு, இரவு 9:53

வந்தது அக்கா. புரியவில்லை, ரத்து கொடுத்துவிட்டேன். அதன் பிறகும் அட்டவணை திறந்ததால் அது முக்கியமில்லை என்று நினைத்தேன்.


புளியரை_மழை
ஞாயிறு, இரவு 10:20

அதுதான் காரணம். விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் நாளைக்கு லிப்ரெஆபீஸ் பேஸுக்குப் போனாலும், விபி டாட்நெட்டில் நீங்களே ஒரு சின்ன புரோகிராம் எழுதினாலும் இதே இடத்தில் நிற்க மாட்டீர்கள்.

எக்ஸெலில் கட்டத்துக்கு முகவரி உண்டு. பி பத்தாவது வரி என்றால் அது அங்கேதான் இருக்கும். தரவுத்தளத்தில் பத்தாவது வரி என்று ஒன்று கிடையாது. நீங்கள் திரையில் ஒரு கிலோ எண்ணை மாற்றிவிட்டு அடுத்த வரிக்கு நகரும்போது, அக்சஸ் பின்னால் சர்வருக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது: இன்ன அடையாளம் உள்ள வரியில் கிலோவை இவ்வளவாக மாற்று. அந்த 'இன்ன அடையாளம்' இல்லை என்றால் எந்த வரியை மாற்றச் சொல்லும்? அதனால்தான் வாசிக்க மட்டும் விட்டுவிட்டு எழுதும் கதவைச் சாத்திவிடுகிறது. பேஸும் இதையேதான் செய்யும். டாட்நெட்டில் கமாண்ட் பில்டர் என்ற கருவி இன்னும் நேரடியாக, சாவிப் புலம் எதுவும் வரவில்லை, அப்டேட் கட்டளையை உருவாக்க முடியாது என்று பிழையே கொடுத்துவிடும்.

எக்ஸெலிலிருந்து ஏற்றினீர்கள் அல்லவா? அப்படி ஏற்றும்போது பெரும்பாலும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அந்தச் சாவிப் புலம்) இல்லாமல்தான் அட்டவணை உருவாகும். உங்களுடையதில் பிரைமரி கீ இருக்கிறதா என்று பாருங்கள்.


ஏலமலை_கணக்கு
ஞாயிறு, இரவு 11:05

இல்லை அக்கா. ஒன்றுமே இல்லை.

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு, அட்டவணையைத் திரும்ப இணைத்து, அந்தப் பெட்டியில் 'தேதி', 'பெயர்' இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். இப்போது திருத்த முடிகிறது! ஆனால் திரையில் இருப்பதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரிகள் இப்படித் தெரிகின்றன:

மாரியம்மாள் | ஜீப் 2 | 19.400
மாரியம்மாள் | ஜீப் 2 | 19.400
மாரியம்மாள் | ஜீப் 2 | 19.400
மாரியம்மாள் | ஜீப் 2 | 19.400

எங்களிடம் மாரியம்மாள் என்ற பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். ஜீப்பும் வேறு, எடையும் வேறு. எடைச் சீட்டு நான்கும் என் கையில் இருக்கிறது: 19.400, 32.150, 24.000, 27.650.


புளியரை_மழை
ஞாயிறு, இரவு 11:12

உடனே மூடிவிடுங்கள். எதையும் திருத்தாதீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் தனித்துவம் என்று நீங்கள் சொன்னதை அக்சஸ் நம்பிவிட்டது. சர்வரில் அது உண்மையா என்று சரிபார்ப்பதில்லை. அடையாளப் பட்டியலை முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடையாளத்துக்கும் வரியைக் கேட்கிறது. நான்கு தடவை கேட்டாலும் முதல் மாரியம்மாளே வருகிறார். சர்வரில் உங்கள் தரவு பத்திரமாகத்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம். இணைப்பை மட்டும் நீக்கிவிடுங்கள்.


ஏலமலை_கணக்கு
திங்கள், காலை 6:15

நீக்கிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இதே தவறு எக்ஸெலில் போன பருவத்தில் நடந்தது. கூலித் தாளில் பெயரை வைத்து வீலுக்அப் போட்டிருந்தேன். அது முதலில் கண்ட பெயரோடு நின்றுவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேவாரத்திலிருந்து வரும் மாரியம்மாள் தோட்டத்திலேயே வேகமான கை. நாளுக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் எடுப்பவர். மூன்று வாரம் அவருக்கு வேறொரு மாரியம்மாளின் எடைக்குத்தான் கூலி போயிருக்கிறது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டுபிடித்த பிறகு நானே போய்க் கேட்டேன். "தராசு சரியில்லையோன்னு நெனச்சேன் சார், எல்லாருக்கும் அப்படித்தான் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனாலும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் தரவுத்தளத்துக்கே வந்தேன்.

செக்ரோல் எண்ணைப் பிரைமரி கீயாக வைத்தால் போதுமா? அல்லது ஆதார் எண்ணா?


கொழிஞ்சாம்பாறை_பால்
திங்கள், காலை 8:40

வணக்கங்க. நான் ஒரு பால் சங்கத்தில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

நாங்கள் உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா, இந்த மூன்றையும் சேர்த்துப் பிரைமரி கீ வைத்தோம். ஒரு வேளைக்கு ஓர் உறுப்பினர் ஒரு தடவைதானே பால் ஊற்றுவார் என்ற எண்ணம். ஆறு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் கணவர் ஒரு கேனும், அரைமணி கழித்து மனைவி ஒரு கேனும் ஒரே எண்ணில் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பதிவைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. பால் ஊற்றும் இடத்தில் வரிசை நிற்கிறது, கொழுப்பு பார்த்தாயிற்று, பையன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தான். சீட்டு தொலைந்தது. வாழ்க்கையில் நடப்பதை வைத்துச் சாவி செய்தால், வாழ்க்கை என்றாவது ஒரு நாள் அந்தச் சாவியை உடைத்துவிடும்.

ஆதார் எண்ணைச் சாவியாக வைக்கவே வேண்டாங்க. ஒவ்வொரு சீட்டிலும் திரையிலும் அடுத்தவருடைய ஆதாரை எழுதிக்கொண்டிருக்கும் உரிமை நமக்கு இல்லை. வேலைக்கு வந்த அன்று கையில் அட்டை இல்லாதவரும் இருப்பார். மொபைல் எண்ணும் அப்படித்தான், ஒரு வீட்டுக்கு ஒரு போன்.


பழைய_பேரேடு
திங்கள், பகல் 11:30

மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நீண்ட காலம் செக்ரோல் எழுதி ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் பற்றிப் பேச வரவில்லை. செக்ரோல் எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த எண்ணை நம்ப வேண்டாம். எங்கள் டிவிஷனில் ஒருவர் நின்றுவிட்டால் அவருடைய எண் காலியாக இருக்காது, அடுத்து வருபவருக்குப் போய்விடும். அம்மா ஓய்வு பெற்று மகள் பேர் பதிந்தபோது அதே எண்ணில் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். பேரேட்டில் பக்கம் மாறியதால் எங்களுக்குக் குழப்பம் வரவில்லை, ஏட்டைத் திருப்பினால் கையெழுத்தே சொல்லிவிடும். உங்கள் அட்டவணையில் பக்கம் கிடையாது. இரண்டு பேருடைய உழைப்பு ஒரே எண்ணின் கீழ் கலந்துவிடும்.


குப்பம்_கிழக்கு
திங்கள், பகல் 1:15

ஐயா சொன்னது பொன்னான வார்த்தை. குப்பத்தில் நான் செய்துகொடுத்த தக்காளி மண்டிக் கணக்கிலும் இதுதான் சிக்கல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஊர். ஒரே விவசாயியின் பெயரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். இனிஷியல் ஒருவர் முன்னால் போடுவார், வீட்டுப் பெயரை ஒருவர் சேர்ப்பார். பெயர் ஒருவரைக் கூப்பிடுவதற்கு, வரியைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல.

ஏலமலை அண்ணா, உங்களுக்கு இரண்டு எண்கள் வேண்டும். 'ஆட்கள்' என்று தனி அட்டவணை, அதில் ஆள் எண். 'எடுப்பு' அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் வரி எண், கூடவே ஆள் எண். இரண்டு பிரைமரி கீயும் ஆட்டோ இன்கிரிமென்ட்டாக, அதாவது தானாக ஏறும் எண்ணாக, இருக்கட்டும். கொடுத்த எண்ணை யாருக்கும் திரும்பக் கொடுக்கக் கூடாது, ஆள் நின்றுவிட்டாலும் அந்த வரியை அழிக்கக் கூடாது. செக்ரோல் எண் ஒரு சாதாரணப் புலமாகப் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் ஒரு டம்ப் (தரவின் முழு நகல்) எடுத்து வேறு டிரைவில் வையுங்கள். பிறகு அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையில் வரி எண்ணைச் சேர்த்தால், இருக்கும் 4,000 வரிகளுக்கும் மரியாடிபி தானாகவே 1 முதல் எண் போட்டுவிடும். வகை சாதாரண முழு எண்ணான இன்ட் போதும். பெரிய எண்களுக்கான பிக்இன்ட் வேண்டாம், பழைய அக்சஸுக்கு அது புரியாமல் வரிகள் எல்லாம் 'அழிக்கப்பட்டது' என்று தெரியும். கூடவே டைம்ஸ்டாம்ப் புலம் ஒன்று, வரி மாறும்போதெல்லாம் தானாக நேரம் மாறும்படி. கிலோ புலம் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டாக இருந்தால் துல்லியமாக வைக்கும் டெசிமலாக மாற்றுங்கள், தசமத்துக்குப் பின் 3 இடம். ஓடிபிசி டிரைவர் அமைப்பில், மாற்றிய வரிகளுக்குப் பதிலாகப் பொருந்திய வரிகளின் எண்ணிக்கையைத் திருப்பும் விருப்பத்தை டிக் செய்யுங்கள். கடைசியாக, அக்சஸில் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். சர்வரில் அமைப்பை மாற்றினால் அக்சஸுக்குத் தானாகத் தெரியாது, பழையதையே நினைவில் வைத்திருக்கும்.

ஆள் எண்ணை நிரப்புவதுதான் பெரிய வேலை. அதை எந்தக் கட்டளையும் செய்யாது. எடைச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கையால் செய்ய வேண்டும்.


ஏலமலை_கணக்கு
செவ்வாய், இரவு 8:30

வேலை செய்கிறது! இணைக்கும்போது அந்தப் பெட்டியே வரவில்லை, பிரைமரி கீயை அக்சஸ் தானாகவே எடுத்துக்கொண்டது. நான்கு மாரியம்மாளும் நான்கு எடையோடு வரிசையாக நிற்கிறார்கள்.

இரண்டு சிக்கல் மிச்சம். முதலாவது, சில வரிகளைத் திருத்தினால் மட்டும், வேறொருவர் இதே நேரத்தில் இந்தப் பதிவை மாற்றிவிட்டார் என்று வருகிறது. ஸ்டோரில் என்னைத் தவிர யாரும் இல்லை. இரண்டாவது, இன்று புதிதாகச் சேர்த்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகப் பதிந்திருக்கின்றன.


புளியரை_மழை
செவ்வாய், இரவு 9:05

முதலாவதற்கு: குப்பம் தம்பி சொன்னதில் டைம்ஸ்டாம்பையும் டெசிமலையும் விட்டுவிட்டீர்களா?


ஏலமலை_கணக்கு
செவ்வாய், இரவு 9:08

ஆமாம் அக்கா, அவசரத்தில் வரி எண் மட்டும் சேர்த்தேன்.


புளியரை_மழை
செவ்வாய், இரவு 9:40

சரி, என்ன நடக்கிறது என்று பாருங்கள். அக்சஸ் வரியைப் பூட்டி வைப்பதில்லை. நீங்கள் வரியைத் திறந்தபோது இருந்த மதிப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு, எழுதும்போது, வரி எண் 3127, பெயர் இது, கிலோ 12.35, இவை எல்லாம் இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் மாற்று என்று சொல்கிறது. நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளும் முறை அது. நல்ல முறைதான்.

ஆனால் ஃப்ளோட்டில் 12.35 என்பது சரியாக 12.35 ஆக இருக்காது, அதற்கு மிக அருகில் உள்ள ஓர் எண்ணாகத்தான் இருக்கும். திரையில் வட்டமாக்கிக் காட்டுவதால் நமக்குத் தெரியாது. 12.35க்குச் சமமாக இருந்தால் என்று கேட்டால் சர்வர் அப்படி ஒரு வரி இல்லை என்கிறது. பூஜ்யம் வரி மாறியது என்று பதில் வந்ததும், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அக்சஸ் முடிவு கட்டுகிறது. 12.5 மாதிரி எண்கள் உள்ள வரிகளில் இந்தச் சிக்கல் வந்திருக்காது, சரிபார்த்துச் சொல்லுங்கள். அவை இரும எண்ணில் துல்லியமாக அடங்கும்.

டெசிமலாக மாற்றினால் இது தீரும். டைம்ஸ்டாம்ப் இருந்தால் எல்லாப் புலத்தையும் ஒப்பிடாமல் அதை மட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் செய்யுங்கள். எடையையும் பணத்தையும் ஃப்ளோட்டில் வைக்கவே கூடாது, அது அக்சஸுக்காக மட்டும் சொல்வதில்லை.

கேள்விக்குறிக்கு: மைஎஸ்க்யூஎல் தரும் ஓடிபிசியில் ஆன்சி, யூனிகோட் என்று இரண்டு டிரைவர் இருக்கும். நீங்கள் தமிழைத் தாங்காத ஆன்சியை எடுத்திருப்பீர்கள். யூனிகோடுக்கு மாறுங்கள். உங்கள் அக்சஸ் 32 பிட் என்றால் டிரைவரும் 32 பிட்டாக இருக்க வேண்டும், விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் சரி. அந்த 32 பிட் ஓடிபிசி அமைப்பு சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருக்காது, சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில்தான் இருக்கும். பெயர் தலைகீழாக இருப்பதில் பல பேர் ஒரு நாளைத் தொலைத்திருக்கிறார்கள்.

கேள்விக்குறியாகப் பதிந்த பெயர்கள் திரும்பி வராது. அங்கே இப்போது இருப்பது உண்மையான கேள்விக்குறிகள். திரும்ப அடித்துவிடுங்கள்.


கொழிஞ்சாம்பாறை_பால்
புதன், காலை 7:55

பெயர்ப் புலத்தின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்க. மாரியம்மாள் என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடு, ஏனென்றால் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி. வார்சார் 10, அதாவது அதிகபட்சம் 10 குறியீடு, என்று வைத்திருந்தால் கடைசிப் புள்ளி விழுந்து 'மாரியம்மாள' என்று நிற்கும், அல்லது நீளம் அதிகம் என்று பிழை வரும். 100 வைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.


தேவாரம்_தெற்குத்தெரு
புதன், காலை 9:30

கம்பத்தில் உள்ள ஆபீசிலிருந்தும் இதே அட்டவணையைத் திறக்க முடியுமா? அக்சஸ் கோப்பை ஷேர் செய்தால் போதுமா? அல்லது ரவுட்டரில் மரியாடிபியின் 3306 போர்ட்டைத் திறந்துவிடலாமா?


குப்பம்_கிழக்கு
புதன், காலை 10:10

3306ஐ இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம் தம்பி. இரண்டு இடத்துக்கும் நடுவில் வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் (பாதுகாப்பான தனி வழி) போட்டு, அதன் வழியாக மட்டும் வரட்டும். அக்சஸ் கோப்பைப் பகிர வேண்டாம், ஆளுக்கு ஒரு பிரதி, எல்லாம் ஒரே மரியாடிபியைப் பார்க்கட்டும். கம்பத்தில் உள்ளவர் திருத்த வேண்டியதில்லை என்றால் அவர் பயனருக்குச் செலக்ட் (பார்க்கும்) அனுமதி மட்டும் கொடுங்கள். அண்ணாவும் ரூட்டில் நுழைவதை நிறுத்திவிட வேண்டும்.


பழைய_பேரேடு
புதன், பகல் 12:45

எல்லோரும் அட்டவணையைத் திருத்த வழி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு கவலை. கூலி கொடுத்து முடித்த வாரத்தின் எடையை இனி ஒருவர் ஒரு விசையில் மாற்றிவிடலாமா?

எங்கள் காலத்தில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பழைய எண் தெரியும்படி விட்டு, மேலே புது எண் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முறை ஒரு தொழிலாளி நான்கு மாதம் கழித்து வந்து, எடை குறைந்துவிட்டது என்று கேட்டார். ஏட்டைத் திருப்பினேன். 14 என்பதை அடித்து 11 என்று எழுதியிருந்தது, கையெழுத்து தோட்ட மேற்பார்வையாளரான கண்டக்டருடையது. அவர் கேட்டது நியாயம் என்பதற்கு அந்த அடித்த 14தான் சாட்சி. உங்கள் திரையில் 11 மட்டும்தானே இருந்திருக்கும்?


ஏலமலை_கணக்கு
புதன், மாலை 4:20

ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. என் திரையில் 11 மட்டும்தான் இருந்திருக்கும்.


குப்பம்_கிழக்கு
புதன், இரவு 8:15

ஐயா கேட்டதற்கு மரியாடிபியிலேயே பதில் இருக்கிறது. 2018இல் வந்த 10.3 பதிப்பு முதல் சிஸ்டம் வெர்ஷனிங் என்று ஒரு வசதி உண்டு. ஆல்டர் டேபிளில் அதைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பழைய வரி எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இருந்தது என்ற விவரத்தோடு தங்கிவிடும். அக்சஸில் வழக்கம்போல இப்போதைய வரி மட்டும் தெரியும். வேண்டும்போது, போன புதன்கிழமை மாலை 5 மணிக்கு இந்த வரி எப்படி இருந்தது என்று கேட்கலாம். அடித்த 14 அங்கே இருக்கும்.

மூன்று எச்சரிக்கை. புலங்களை மாற்றும் வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு இதைச் செய்யுங்கள், செய்த பிறகு அட்டவணையின் அமைப்பை மாற்ற மரியாடிபி எளிதில் விடாது. சாதாரண டம்பில் பழைய வரிகள் வராது, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். யார் மாற்றினார் என்பதை இது தானாகப் பதிவதில்லை. கையெழுத்துக்குப் பதிலாக 'திருத்தியவர்' என்று ஒரு புலம் வைத்து, அப்டேட்டுக்கு முன்னால் தானாக ஓடும் டிரிக்கர் என்ற சிறு நிரலில் உள்ளே நுழைந்த பயனரின் பெயரை எழுதிவிடுங்கள்.

அதே டிரிக்கரில், கூலி கொடுத்து முடித்த வாரத்தின் வரி என்றால் சிக்னல் கட்டளையால் பிழை எழுப்பித் திருத்தத்தை மறுத்துவிடலாம். பிறகு தவறு தெரிந்தால், அடுத்த வாரத்தில் நிலுவை என்று ஒரு புது வரி போட வேண்டும். திருத்தக்கூடிய அட்டவணை என்றால் எதை, எதுவரை திருத்தலாம் என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.


பழைய_பேரேடு
புதன், இரவு 8:50

நிலுவை வரி சரி. நாங்களும் அப்படித்தான் எழுதினோம்.


ஏலமலை_கணக்கு
ஞாயிறு, காலை 10:30

நேற்றுக் கூலி கொடுத்து முடித்தேன். டெசிமல், டைம்ஸ்டாம்ப், யூனிகோட் டிரைவர், வெர்ஷனிங் எல்லாம் போட்டாயிற்று. அக்கா, 12.5 உள்ள வரிகளில் அந்தச் செய்தி வரவில்லை, நீங்கள் சொன்னது சரி. வாரத்தை மூடும் டிரிக்கர் மட்டும் இன்னும் எழுதவில்லை, இந்த வாரம் முடிப்பேன்.

ஆள் எண் நிரப்ப இரண்டு ராத்திரி ஆனது. சீட்டுகளைத் தரையில் பரப்பி, ஜீப் வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்போது இந்தப் பருவத்திலும் இரண்டு நாள் எடை இடம் மாறியிருந்தது தெரிந்தது. குமுளியிலிருந்து வரும் மாரியம்மாளுக்கு 7 கிலோவுக்கான கூலி குறைந்திருந்தது. நிலுவை என்று தனி வரி போட்டு நேற்றுச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

கூலிச் சீட்டில் இப்போது பெயருக்கு மேலே ஆள் எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறேன். தேவாரத்து மாரியம்மாள் சீட்டை வாங்கி எண்ணைத் தடவிப் பார்த்தார். "இது எனக்கு மட்டுந்தானா சார்?" என்று கேட்டார். ஆமாம், நீங்கள் வேலையை விட்டாலும் வேறு யாருக்கும் போகாது என்றேன். சீட்டை நான்காக மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். அவர் எண் 118.


தேவாரம்_தெற்குத்தெரு
ஞாயிறு, காலை 11:02

அண்ணே, அந்தக் கூலிச் சீட்டு ரிப்போர்ட்டின் அமைப்பைக் கொஞ்சம் பகிர முடியுமா? எங்கள் பக்கம் இரண்டு தோட்டத்தில் இன்னும் பெயரை வைத்துத்தான் போடுகிறார்கள்.


ஏலமலை_கணக்கு
ஞாயிறு, காலை 11:20

பெயர்களை நீக்கிவிட்டு இன்று சாயந்தரம் இங்கேயே ஏற்றுகிறேன் தம்பி.